கொடுக்கத் தனக்கென்று ஒரு பங்கு

(கோவையில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'வசதியான காலத்தில் பிள்ளை வளர்ப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைக்கப் போன் செய்த அன்பர் இன்னும் வெளிப்படையாகவே பேசினார். "எங்களுக்குக் கெடைக்காததெல்லாம் பசங்களுக்குக் கெடைக்கோணும்னு பாடுபட்டோமுங்க. கெடைச்சிருச்சு. இப்ப அவங்களப் பாத்தா எங்களுக்கே பயமா இருக்குதுங்க" என்றார். அவரும் இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். யாரென்று காட்டிக்கொடுக்க மாட்டேன். பாதிப் பேர் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பது இங்கிருந்து நன்றாகவே தெரிகிறது.

நம் எல்லோருக்கும் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளையின் பிறந்தநாளை ஆதரவற்றோர் இல்லத்தில் கொண்டாடுவது. முன்கூட்டியே போன் செய்து, மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறோம். நாம் போய்ச் சேரும்போது இல்லத்துப் பிள்ளைகள் இலை முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டிராஃபிக்கில் மாட்டி நாம் அரை மணி நேரம் தாமதமாகப் போனாலும் அவர்கள் அப்படியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கேக் வெட்டுகிறோம். பெயர்கூடத் தெரியாத நம் பிள்ளைக்கு அத்தனை பேரும் கை தட்டி வாழ்த்துப் பாடுகிறார்கள். பாடி முடித்த பிறகுதான் சோறு. நம் பிள்ளையின் கையில் கரண்டியைக் கொடுத்து முதல் இலையில் கேசரி வைக்கச் சொல்கிறோம். போட்டோ எடுத்தாகிவிட்டது. இரண்டாவது இலைக்குக் கரண்டி ஆயாம்மாவின் கைக்குப் போய்விடுகிறது.

இதைச் செய்கிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அந்த இல்லங்களுக்கு அந்தச் சாப்பாடு தேவை; நிறுத்திவிடாதீர்கள். நான் கேட்பதெல்லாம், அன்று நம் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பதைத்தான். பணம் அப்பாவின் ஜிபேயிலிருந்து போனது. சாயங்காலம் வீட்டில் இன்னொரு கேக் காத்திருக்கிறது. தன்னிடமிருந்து எதுவும் குறையவில்லை. உலகத்தில் வாழ்த்துப் பாடுகிற பிள்ளைகள், பாட்டு வாங்குகிற பிள்ளைகள் என்று இரண்டு வகை உண்டு, தான் இரண்டாவது வகை. இதைத்தான் அந்த ஒரு மணி நேரத்தில் அது படித்தது. கொடுக்கப் பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு மேலே உட்காரப் பழக்கிவிட்டு வருகிறோம். அடுத்த முறை பணத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள். பிள்ளை வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.

கனடாவில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் கிண்ணத்தில் கொஞ்சம் பிஸ்கட் கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பொம்மை. பொம்மைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார்கள். ஒருமுறை ஆய்வாளரே வேறொரு பிஸ்கட்டை எடுத்து, "இதைக் கொடு" என்றார். இன்னொரு முறை குழந்தை தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தனையையும் படம் பிடித்து, குழந்தையின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். வாங்கும்போது இருந்ததைவிடக் கொடுக்கும்போது முகம் மலர்ந்திருந்தது. அதிலும், யாரோ எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோது இருந்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்து கொடுத்தபோது கூடுதலாக மலர்ந்திருந்தது.

தன் கிண்ணம் என்று ஒன்று இருந்ததால்தான் அது நடந்தது. இன்று நம் வீடுகளில் பிள்ளைக்கு எல்லாம் இருக்கிறது, கிண்ணம்தான் இல்லை. பேனா தொலைந்தால் மறுநாள் இன்னொரு பேனா. ஜியாமெட்ரி பாக்ஸை நண்பனிடம் கொடுத்துவிட்டால், "போனாப் போகுது விடு கண்ணு" என்று சாயங்காலமே இன்னொன்று வாங்கித் தருகிறோம். கொடுத்ததால் ஒன்றும் குறையாது என்றால் கொடுத்ததற்கு எடையே இல்லை. அளவில்லாமல் பெறுகிற பிள்ளையிடம் கொடுப்பதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சிகள்.

நான் காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. ஆனால் அவர்கள் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போய் அவர்கள் பெரும் செல்வம் சேர்த்தார்கள். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலிய சலவைக்கல்லில் தரை, ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் எப்படி வளர்வான் என்று நினைப்பீர்கள்?

பெட்டியடிப் பையனாக வளர்ந்தான். மீசை முளைக்கும் முன்பே கடைக்கு அனுப்பிவிடுவார்கள். கடை என்றால் வட்டிக்கடை. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்க்கிறவன் பெட்டியடிப் பையன். தண்ணீர் எடுத்து வைப்பது, பெருக்குவது, கடிதம் கொண்டுபோவது, இடைவேளையில் கணக்குப் படிப்பது. அதற்கு மேலே அடுத்தாள், அவருக்கு மேலே மேலாள் என்று படிப்படியாக ஏற வேண்டும். கடல் கடந்து போனால் மூன்று வருடக் கெடு; நடுவில் வீடு திரும்ப முடியாது. வசதியான வீட்டுப் பிள்ளைகளையும் பல சமயம் வேறொருவர் கடையில்தான் பழக விட்டார்கள். அப்பாவின் கடையில் அவன் முதலாளி மகன்; அடுத்தவர் கடையில் வெறும் பையன். அந்த வித்தியாசம் தெரிந்துதான் செய்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இன்னொன்று நடக்கும். அதற்கு 'வேறு வைப்பது' என்று பெயர். செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். முகப்பைத் தாண்டினால் வளவு. திறந்த முற்றத்தைச் சுற்றி அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறை ஒதுக்குவார்கள். புதுத் தம்பதியை ஒரு நல்ல நாளில் தனியாக அடுப்பு மூட்டச் சொல்வார்கள். ஒரே கூரைதான். ஆனால் மாமியாருக்கு ஓர் அடுப்பு, மூத்த மருமகளுக்கு ஓர் அடுப்பு, இளையவளுக்கு ஓர் அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு விறகு, கைச்செலவுக்கு இவ்வளவு ரூபாய் என்று பெற்றவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். பத்து மாதத்தில் தீர்த்துவிட்டால் மீதி இரண்டு மாதம் உங்கள் பாடு. லட்சாதிபதி வீட்டு மருமகள் உழக்கில் அரிசி அளந்துகொண்டிருப்பாள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கஞ்சத்தனம் என்று கதை கட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் உழக்கு அரிசி என்றால் என்ன என்று தெரிந்த பெண் வாசலில் வந்து நிற்கிறவருக்கு அரை உழக்குக் கொடுத்தால், கொடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அது மாமனார் வீட்டு அரிசி இல்லை, அவள் அரிசி. இருபது வயதில் ஒருத்தி கையில் முழுதாக ஒரு வருஷத்தின் கணக்கை ஒப்படைப்பதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? நம் வீடுகளில் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இன்னும் அப்பாவின் கார்டில் ஆட்-ஆன் கார்டு வாங்கித் தருகிறோம். அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

கடையிலும் அப்படித்தான். பேரேட்டைத் திறந்தால் முதல் கணக்கு தண்டாயுதபாணி பேரில் இருக்கும். வியாபாரத்தில் ஒரு பங்கு மகமை என்று தனியே போய்விடும். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பாடசாலைக்கும் போனது அந்தப் பணம்தான். லாபமெல்லாம் பார்த்து, வீடு கட்டி, நகை செய்து, கடைசியில் மிஞ்சியதிலிருந்து எடுத்துப் போடுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பெட்டியடிப் பையன் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளும்போதே இதைப் பார்த்துவிடுகிறான். யாரும் அவனுக்குத் தர்மத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். அந்தப் பேரேட்டுக்கு அடுத்த பக்கங்களும் உண்டு. 1930களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் உழவர்கள் அடமானம் வைத்த நிலங்கள் மூழ்கின. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போய்விட்டது. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை. கொடுத்த கடன் வராமல் போய், பணம் மண்ணாக மாறி அவர்கள் தலையிலேயே விழுந்தது. அந்த நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நிலம் போன பர்மியக் குடியானவனுக்கு முதல் பக்கத்தில் முருகன் பேர் இருந்ததால் என்ன ஆறுதல்? நம் கோயில், நம் சத்திரம், நம் ஆட்கள் என்று கொடை ஒரு வட்டத்துக்குள் கச்சிதமாக ஓடிக்கொண்டிருக்கும். வட்டத்துக்கு வெளியே நிற்கிறவர் வெறும் கணக்கு. சிக்கனமும் உழைப்பும் பழக்கிவிட்டால் பிள்ளை நல்லவனாகிவிடுவான் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவை இல்லாமல் முடியாது. அவை மட்டும் போதவும் போதாது.

வட்டத்தை உடைத்தவரும் அதே ஊர்ப்பக்கத்திலிருந்துதான் வந்தார். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார். பாரிஸ்டர் படித்தார், விமானம் ஓட்டப் பழகினார், பஞ்சாலை வைத்தார். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கடைசியில் தான் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். 48 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். அவர் தொடங்கிய கல்லூரி வாசலில் நுழைய, நீ எந்தக் கோயிலைச் சேர்ந்தவன் என்று யாரும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் படித்தது அப்படித்தான்.

உங்கள் ஊரில் இதைவிட நேரான உதாரணம் இருக்கிறது. பீளமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர். 1926இல் அவர்கள் குடும்பச் சொத்தில் தர்மத்துக்கும் ஒரு பங்கு என்று ஒதுக்கி அறக்கட்டளை வைத்தார்கள். நான்கு பிள்ளைகளோடு தர்மம் ஐந்தாவது பிள்ளை. நீங்கள் தினமும் தாண்டிப் போகிற பி.எஸ்.ஜி. கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் அந்த ஐந்தாவது பிள்ளையின் சொத்து. பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளை நான் நினைத்துப் பார்ப்பேன். பாகம் பிரிக்கிற பேச்சில் இன்னொரு பேரையும் சேர்த்துச் சொல்வதை அவர்கள் காதால் கேட்டிருப்பார்கள்.

சரி, நம்மிடம் பஞ்சாலையும் இல்லை, பாகம் பிரிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று படுக்கையறை அப்பார்ட்மென்ட்டும் இ.எம்.ஐ.யும்தான். அங்கே என்ன செய்வது?

பிள்ளைகளுக்கு உதவுகிற குணத்தை நாம் ஊட்ட வேண்டியதே இல்லை. இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், துணி காயப்போடுகிறவர் கிளிப்பைக் கைதவற விட்டு எட்டாமல் தவித்தால், ஒன்றரை வயதுக் குழந்தைகள் தாமாகவே தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. கேட்கவும் இல்லை, பரிசும் இல்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொன்றையும் பார்த்தார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக உதவின. ஆகவே பாத்திரம் துலக்கினால் பத்து ரூபாய், படுக்கையை மடித்தால் ஐந்து ரூபாய் என்கிற ஏற்பாட்டை விட்டுவிடுங்கள். சொந்த வீட்டில் கூலிக்காரனை வளர்க்காதீர்கள்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? இரண்டு வயதில் பிள்ளை விளக்குமாற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. "ஐயோ, அழுக்கு! வெச்சிரு சாமி, அக்கா வந்து பெருக்குவாங்க" என்று பிடுங்கி வைக்கிறோம். பன்னிரண்டு வயதில் அதே பிள்ளை சாப்பிட்ட தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறது. "ஒரு வேல செய்யறானா பாருங்க" என்று கத்துகிறோம். பத்து வருஷமாக நாம்தானே சொல்லிக்கொடுத்தோம், அது அக்காவின் வேலை என்று!

ஜப்பானியப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே வகுப்பறைக்குத் தூக்கி வருவார்கள். வெள்ளை அங்கி, தலையில் துணித்தொப்பி, வாயில் முகமூடி. முறை வைத்துப் பரிமாறுவார்கள். எல்லோருக்கும் வைத்த பிறகு எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். 1889இல் சுருவோகா என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியது, 1954இல் சட்டமானது. இன்று ஏழை, பணக்காரர் வித்தியாசமில்லாமல் நடக்கிறது. வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகள்தான். இதை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நம் பள்ளிகளிலும் கொண்டுவரலாமே என்று பலர் கேட்கிறார்கள்.

கொண்டுவரலாம். ஆனால் நம் ஊரில் விளக்குமாறு வெறும் விளக்குமாறு இல்லை. அதைப் பிடிக்கிற கைக்குச் சாதி பார்த்த சமூகம் இது. பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துக் கழிப்பறை கழுவவிட்ட செய்திகளை இந்தக் காலத்திலும் படிக்கிறோம். அதனால் இங்கே இதைச் செய்வதாக இருந்தால் ஒரே ஒரு வழிதான். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லோரும்; மில் முதலாளி மகனும், ஆசிரியர் மகளும், ஆசிரியரும். யாராவது ஒரு பெற்றோர் 'மெடிக்கல் சர்டிஃபிகேட்' கொண்டுவந்து தன் பிள்ளைக்கு விலக்குக் கேட்பார். அன்று அந்தத் தலைமையாசிரியர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து அந்தப் பள்ளியைப் பற்றி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. பீட்சா தாமதமாக வந்தது. கொண்டுவந்த தம்பி சொட்டச் சொட்ட வாசலில் நின்று "சாரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுப் பையனுக்குப் பத்து வயதிருக்கும். அப்பாவின் போனை வாங்கி, படபடவென்று தட்டி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டான். முகத்தில் கோபம்கூட இல்லை; ஹோம்வொர்க் முடிப்பதுபோல முடித்தான். பெரியவர்களில் ஒருவர், "பாத்தீங்களா, எல்லாம் அவனுக்குத் தெரியும்" என்று பெருமைப்பட்டார்.

அந்தப் பிள்ளை கெட்டவனில்லை. வயதில் மூத்த ஒரு மனிதருக்கு மதிப்பெண் போடுகிற அதிகாரம் அவன் விரலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய காலத்துப் பண்ணையார் மகனுக்குக்கூட இவ்வளவு சுலபமாக அது கிடைத்ததில்லை. அவன் கூலி ஆளை நேரில் பார்த்துத் திட்ட வேண்டியிருந்தது. தயவுசெய்து அந்த நட்சத்திரத்தைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிவிடுங்கள். அவர் பேர் என்ன, அந்த மழையில் எவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தார் என்று கேட்டு, ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் இருந்தால், அவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று உங்கள் அப்பார்ட்மென்ட்டில் போர்டு தொங்கினால், முதலில் அதை எடுங்கள். பிள்ளை அதைத் தினமும் படிக்கிறது.

கடைசியாகக் கைச்செலவுக் காசு. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார்கள், மாதம் எவ்வளவு கொடுக்கலாம் என்று. தொகை முக்கியமில்லை, உங்கள் வசதிக்கு ஏற்றபடி கொடுங்கள். ஆனால் அது நோட்டாக இருக்கட்டும், போனில் வேண்டாம். எடுக்க எடுக்கக் குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதெதற்கு அந்தக் காசு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். தின்பண்டம், நண்பனின் பிறந்தநாள் பரிசு, பென்சில், ரப்பர் எல்லாம் அதற்குள். பரிசை நீங்கள் வாங்கித் தந்தால் அது உங்கள் பரிசு. வாங்கிய பிறகு கணக்குக் கேளுங்கள். ஆனால் இதற்கு ஏன் செலவழித்தாய் என்று கேட்காதீர்கள். முட்டாள்தனமாகச் செலவு செய்யவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும். நண்பனுக்கு இருநூறு ரூபாய் கடன் கொடுத்து அது திரும்பி வரவில்லை என்றால், நீங்கள் போய் அந்த நண்பனின் அம்மாவிடம் பேசக் கூடாது.

இருபதாம் தேதி காசு தீர்ந்துவிடும். பையன் வந்து நிற்பான். அந்தப் பத்து நாளில் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. பெரும்பாலான அப்பாக்கள் இரண்டாம் நாளே கவிழ்ந்துவிடுவார்கள். அம்மாக்கள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள்.

அதற்குள் ஊரிலிருந்து பாட்டி வந்துவிடுவார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, யாருக்கும் தெரியாமல் ஐந்நூறு ரூபாயைப் பேரன் கையில் அழுத்திவிடுவார். போன கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "இதுக்கு என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாட்டி கொடுத்தது அவருடைய முதியோர் பென்ஷன் பணம், அவர் கிண்ணத்திலிருந்து எடுத்தது. அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டுமானால், பாட்டிக்கு அடுத்த மாதம் என்ன வாங்கித் தரப்போகிறாய் என்று பேரனைக் கேட்டுப் பாருங்கள்.